பாஞ்சாலைக்கு வந்தது அம்மன் இல்லை

பாஞ்சாலையைத் தூங்குமூஞ்சி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொன்னவர் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். விருத்தாசலம் செராமிக் ஷெட்டுகளில் இந்தச் சுலோச்சனாவின் வாயை அறியாதவர்கள் அப்போது யாரும் கிடையாது. முதலாளி கூட என்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

எண்பத்தெட்டாம் வருஷம் அவள் எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, தாலிக்கயிற்றில் மஞ்சள் அப்படியே இருந்தது. புருஷன் வீரமுத்து எங்கள் சூளையில்தான் வேலை பார்த்தான். நான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவளுக்குக் கொடுத்தது ஸ்பாஞ்சு வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். ஈர ஸ்பாஞ்சால் அதைத் துடைத்து வழவழப்பாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அன்றையிலிருந்து எங்கள் வரிசையில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது, ஏனென்றால் அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

என்ன சிரிப்பு அது! முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "போதும்க்கா, வுட்டுடுக்கா" என்று கெஞ்சுவாள். நான் விடுவேனா? முதலாளி மாதிரி நடந்து காட்டுவேன். ஜங்ஷனில் டீ விற்கிறவர் மாதிரி மூக்கால் கத்திக் காட்டுவேன். எனக்கு அந்த வயதில் பெரிய சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. அவளைச் சிரிக்க வைப்பதுதான் சந்தோஷம். அந்த ஷெட்டும் மண் வாசனையும் சாயங்காலம் மெட்ராஸ் பக்கம் போகிற ரயில் ஊதுகிற சத்தமும் எல்லாம் சேர்ந்துதான் எனக்கு அந்த வருஷங்கள். 

மறுவருஷம் பெண் குழந்தை பிறந்தது. கயல்விழி என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகுதான் பாஞ்சாலைக்கு அந்தத் தூக்கம் ஆரம்பித்தது. பச்சைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் வருவது அதிசயமா என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஆனால் இது வேறு தூக்கம். சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்குவாள். பேச்சுக்கு நடுவில் கண் சொருகும், கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அதைவிட மோசமான இன்னொன்றும் வந்தது. சிரித்தால் முழங்கால் மடங்கும். முதலில் தடுமாறுவாள். போகப்போக, நன்றாகச் சிரித்தால் மூட்டை சரிகிற மாதிரி அப்படியே கீழே சரிந்துவிடுவாள். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்வாள்.

வீரமுத்துவின் அக்கா கொளஞ்சியம்மாள் ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தாள். பாஞ்சாலை அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தனக்குக் குழந்தை இல்லை. அவள் சொன்னால் வீரமுத்துவுக்கு மறுபேச்சு கிடையாது. பிரசவம் பார்க்க வந்தவள் மாசக்கணக்கில் தங்கிவிட்டாள். ஒருநாள் காலையில் பாஞ்சாலை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். குழந்தை பொக்கை வாயைத் திறந்து களுக்கென்று சிரித்திருக்கிறது. தாய்க்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? கையிலிருந்து குழந்தை நழுவி விழுந்தது. நல்லவேளை, கீழே துணிமூட்டை கிடந்தது. நெற்றியில் வீங்கியதோடு போயிற்று. ஆனால் கொளஞ்சியம்மாள் கண்ணெதிரே நடந்தது அது.

அந்தக் கோடையில் நல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. எல்லோருமாகப் படுகளம் பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் படுகளம் என்றால் பகலில் நடக்கிற கூத்து. திடலில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டின பீமன் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வேஷம் கட்டின துரியோதனனைத் துரத்துவான். சுற்றிலும் ஜனம், உடுக்கையும் பம்பையும் காதைப் பிளக்கும். பெண்களுக்கு அங்கங்கே அருள் வரும். அப்போது கட்டியங்காரன், கூத்தில் கோமாளி அவன்தான், மண் துரியோதனன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, "மகாராசா, தொடையில அடி வுழப்போவுது, கொஞ்சம் எண்ணெ தடவிக்கிறீங்களா?" என்று கேட்டான். பாஞ்சாலை சிரித்தாள். அடுத்த நொடி மண்ணில் கிடந்தாள்.

படுகளத்தில் ஒரு பெண் விழுந்தால் எங்கள் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். "அம்மன் வந்துட்டா!" என்று குரல் கிளம்பியது. பெயர் வேறு பாஞ்சாலை! கேட்கவா வேண்டும்? வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வந்தன. பூசாரி நெற்றி நிறைய விபூதி பூசி, "யாரும்மா வந்திருக்கறது? சொல்லு தாயே!" என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. அம்மன் மௌனமாக இருக்கிறாள் என்றால் ஏதோ கோபம் என்று பூசாரி சொன்னார். என்ன கோபம் என்று கொளஞ்சியம்மாளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

"புள்ளைய கீழ தள்ளுனது இவ இல்ல. அம்மன். தான் எடுத்துக்குன ஒடம்புல கொழந்த ஒட்டக்கூடாதுன்னு தள்ளுறா."

திருவிழா முடிந்த கையோடு குழந்தையை ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீரமுத்து பஸ் வரைக்கும் போய்ப் பையை ஏற்றிவிட்டு வந்தான். நான் அவனைக் கேட்ட கேள்வியில் வேறு யாராவது இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அவன் சூளைப் பக்கம் போய்விட்டான்.

"எனக்குக் கேட்டுதுக்கா," என்றாள் பாஞ்சாலை என்னிடம். "பூசாரி கேட்டது, அண்ணி பேசுனது, எல்லாம் கேட்டுது. ‘அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல, தூக்கி வுடுங்க’ன்னு சொல்லணும்னு இருந்துது. நாக்கு அசையல. என் புள்ளைய என் முன்னாடியே வாணாம்னு சொல்றாங்க, என்னால வாய் தெறக்க முடியல."

இதை ஷெட்டில் நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். யார் நம்புவார்கள்? அதற்குள் அவள் காலில் விழ ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எலுமிச்சம்பழமும் கையுமாக வாசலில் நிற்பார்கள். சாமி என்று கும்பிடுகிறவர்களிடம் போய் நோய் என்று சொன்னால், அம்மனே சோதிக்கிறாள் என்று இன்னும் ஆழமாகக் கும்பிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எலுமிச்சம்பழத்தையெல்லாம் ஊறுகாய் போட்டுவிட்டேன்.

பாஞ்சாலைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சிரிப்பதை விட்டுவிட்டாள். விழாமலே இருந்தால் அம்மன் போய்விட்டாள் என்று அண்ணி நம்புவாள், பிள்ளையைக் கொடுத்துவிடுவாள் என்பது அவள் கணக்கு. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொள்வாளாம். என் வேடிக்கையெல்லாம் அதோடு நின்றது. நான் வாயைத் திறந்தாலே கையெடுத்துக் கும்பிடுவாள், நானும் அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அவளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு ஸ்ரீமுஷ்ணத்தில்தானே இருந்தது! மாசத்துக்கொரு தடவை பிள்ளையைப் பார்க்கப் போவாள். தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகத்தை இறுக்கிக்கொள்வாள். பிள்ளை ஓடிவரும். இவள் கல் மாதிரி நிற்பாள். முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவாள், தலையைத் தடவுவாள், வேறு பக்கம் பார்ப்பாள். ஒரு தடவை துணைக்கு நானும் போனேன். கயல்விழிக்கு அப்போது நாலு வயது இருக்கும். என் மடியில் உட்கார்ந்துகொண்டு முறுக்கைக் கடித்தபடி சாதாரணமாகச் சொன்னது.

"எங்கம்மாவுக்கு என்னைக் கண்டா புடிக்காது."

"அடிப்பாவி, யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. அம்மா என்னைப் பாத்து சிரிக்கவே மாட்டா."

பாஞ்சாலை கிணற்றடியில் நின்றிருந்தாள். காதில் விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

தொண்ணூற்று நாலில் பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் ஷெட்டில் ஆர்டர் குவிந்திருந்தது. எங்கு பார்த்தாலும் பிள்ளையார். ஒரு மத்தியானம் பாஞ்சாலை ஸ்பாஞ்சும் கையுமாகத் தூங்கிவிட்டாள். தூங்கினால் கை நிற்க வேண்டுமா வேண்டாமா? அவளுக்கு நிற்காது. உட்கார்ந்தபடி, கண் மூடியபடி, வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கோட்டைத் துடைக்கிறதை விட்டுவிட்டு தும்பிக்கையைத் துடைத்திருக்கிறாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. நான் திரும்பிப் பார்க்கிறபோது ஒரு பலகை நிறையப் பிள்ளையார்கள் மூக்கும் முகமும் இல்லாமல் தொந்தியோடு மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஐயோ, முதலாளி போட்ட கூச்சல்! நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஆத்திரம். "பொம்பளைக்கு ஒடம்பு சரியில்ல, அது தெரியல, பிள்ளையாரு மூக்குதான் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று நானும் கத்தினேன். முகமில்லாத பிள்ளையார் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு, பஜாரில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த சின்ன வயசு டாக்டரிடம் போனேன். மேஜை மேல் பிள்ளையாரை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாஞ்சாலையிடம் ஒரே கேள்வி கேட்டார்.

"சிரிச்சா முட்டி மடங்குதாம்மா?"

அதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலே கேட்டுவிட்டார்! பாஞ்சாலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷர் அவளிடம் சரியான கேள்வி கேட்டிருக்கிறார்.

புதுச்சேரியில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், மூளையில் தூக்கமும் விழிப்பும் எப்படி உண்டாகிறது என்பதையே வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர் என்று சொல்லி அங்கே அனுப்பினார். போவதென்றால் வீரமுத்து அக்காவிடம் கேட்காமல் போவானா? கொளஞ்சியம்மாள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநாளே வந்து இறங்கினாள்.

"போங்க. நானும் வரேன். அம்மனுக்கு அங்க என்ன வைத்தியம் பண்றாங்கன்னு நானும் பாக்கறேன்."

அப்படி அஞ்சு பேரும் பஸ்ஸில் போனோம். டாக்டர் அகல்யாவுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, கண்ணாடி, மெதுவான பேச்சு. பாஞ்சாலையை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எங்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"மூளைக்குள்ள முழிச்சிருன்னு சொல்றதுக்கு ஒரு நரம்புக் கூட்டம் இருக்குது. தூங்குன்னு சொல்றதுக்கு வேற ஒரு கூட்டம். ஒண்ணு பேசினா இன்னொண்ணு அடங்கிடும். நாம தூங்கிக் கனவு காணும்போது கைகால் அசையக்கூடாதுன்னு மூளை ஒரு பூட்டுப் போடுது. இல்லன்னா கனவுல ஓடினா நெசமாவே எழுந்து ஓடிடுவோம். இவங்களுக்கு அந்தப் பூட்டு, முழிச்சிருக்கும்போதே விழுந்துடுது. அதுவும் சந்தோஷம் வந்தா, சிரிச்சா."

"ஏன் அப்படி ஆவுது டாக்டரம்மா?" என்று நான் கேட்டேன்.

"அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார். தெரியாது என்பதை எவ்வளவு நேராகச் சொன்னார்! எனக்கு அந்த அம்மாவை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. ஆறு வருஷம் கழித்து மருந்து வாங்கப் போனபோது, காரணம் கிடைத்துவிட்டது என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். விழிப்பை விடாமல் பிடித்து நிறுத்துகிற ஒரு சின்னக் கூட்டம் மூளையின் அடியில் இருக்கிறதாம், இந்த நோய்க்காரர்களுக்கு அது அழிந்துபோயிருக்கிறதாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார். ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான். பாஞ்சாலை விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ஏதோ பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு மெஷினில் காகிதம் ஓட, அதில் பேனாக்கள் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போயின. கொளஞ்சியம்மாள் சுவரோரமாக நின்று வாய்க்குள் முணுமுணுத்தபடி இருந்தாள். மடியில் கற்பூரம் முடிந்து வைத்திருந்தாள்.

"இப்ப இவங்களைச் சிரிக்க வைக்கணும். யாரால முடியும்?" என்றார் டாக்டர்.

வீரமுத்து என்னைக் காட்டினான். எனக்கு ஒரே பெருமை. எத்தனை வருஷமாக அடக்கி வைத்த வாய்! முதலாளி மாதிரி நடந்தேன். பிள்ளையாருக்கு மூக்கு போன கதையைச் சொன்னேன். அங்கே இருந்த நர்ஸம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பாஞ்சாலை மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவள் கண் என் மேல் இல்லை, சுவரோரம் நின்ற அண்ணி மேல் இருந்தது. அண்ணி முன்னால் விழுந்தால் பிள்ளை போய்விடும் என்கிற பயம் அவளுக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது. விழுந்து காட்டினால்தான் பிள்ளை கிடைக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். புத்திக்குப் புரிந்தது உடம்புக்குப் புரியவில்லை. என் சரக்கெல்லாம் தீர்ந்துபோய், தோற்றுப்போய், நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் மெஷினை நிறுத்தக் கையை நீட்டினார். அப்போது கயல்விழி அத்தையின் சேலையை இழுத்தது.

"அத்தே, அம்மாவுக்குக் கரண்ட்டு கனெக்‌ஷன் குடுத்துட்டாங்களே, பல்பு எங்க?"

பாஞ்சாலை திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை ரொம்ப அக்கறையாக நாற்காலிக்குப் பின்னால் குனிந்து பல்பைத் தேடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலையின் உதடு ஒரு ஓரமாக இழுத்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்தப் பழைய சிரிப்பு, ஷெட்டையே நிறைத்த சிரிப்பு, பீறிட்டுக் கிளம்பியது. கிளம்பின வேகத்தில் நின்றது. தாடை தளர்ந்தது, தலை தொங்கியது, நாற்காலியிலிருந்து சரிந்தவளை டாக்டரும் நானும் தாங்கிப் பாயில் கிடத்தினோம்.

"தாயே!" என்று கொளஞ்சியம்மாள் கற்பூரத்தை எடுத்துவிட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"இருங்கம்மா. இந்தக் கோட்டைப் பாருங்க. இது தூங்கறவங்க கோடு இல்ல, நல்லா முழிச்சிருக்கறவங்க கோடு." சின்னச் சுத்தி ஒன்றால் பாஞ்சாலையின் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. "மூளை முழிச்சிருக்குது, உடம்பு மட்டும் பூட்டிக்கிச்சு. நாம பேசறதெல்லாம் கேக்குது."

குழந்தை பயந்துபோய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் குனிந்து அதன் தோளில் கை வைத்தார். "பாப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. உன்னைப் பாத்து சந்தோஷம் தாங்காமதான் விழுந்துட்டாங்க. அவங்க காதுல ஏதாவது சொல்லு. எங்க யாருக்கும் கேக்கக்கூடாது."

கயல்விழி மண்டி போட்டு அம்மா காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னது. எங்களுக்குக் கேட்கவில்லை. பாஞ்சாலையின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கியது. அப்புறம் விரல் அசைந்தது, கை அசைந்தது, எழுந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா என்ன சொன்னா?" என்று டாக்டர் கேட்டார்.

பாஞ்சாலை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "‘இனிமே உன்னை சிரிக்க வெக்க மாட்டேன், எழுந்திரும்மா’ன்னு சொன்னா."

"அதேதானா பாப்பா?"

பிள்ளை ஆமாம் என்று தலையை ஆட்டியது. கொளஞ்சியம்மாள் பிள்ளையைப் பார்த்தாள், பாஞ்சாலையைப் பார்த்தாள்.

"அப்ப படுகளத்துல... நான் பேசுனதெல்லாம்?"

"கேட்டுது அண்ணி," என்றாள் பாஞ்சாலை.

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அஞ்சு வருஷம் நெஞ்சில் போட்டு வளர்த்த பிள்ளை, அவளுக்கும் அது ஒன்றுதானே உலகம்! அவளை என்னென்னவோ திட்டித் தீர்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, அவள் கையிலிருந்து விழுந்த கற்பூரத்தைப் பொறுக்கி எடுத்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாஞ்சாலையின் முதுகைச் சுவரோடு சாய்த்து, காலை நீட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்த தலையணையை ஒரு புறம் அண்டக் கொடுத்தாள். கயல்விழியைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தாள். மறுபுறம் தானே உட்கார்ந்து பாஞ்சாலையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள கீழ வுழாது, நான் புடிச்சிக்கறேன்," என்றாள். பிறகு பிள்ளையின் முகத்தைத் தாயின் பக்கம் திருப்பினாள். "சிரிக்க வையிடி உங்கம்மாவ."